எவர்ட்ஸின் ரசிகர்கள் எதைப் பார்த்து மயங்குகிறார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேடுபள்ளமான மண் தடத்தில் பைக் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தின் பெல்ஜிய வீரர் ஸ்டெஃபான் எவர்ட்ஸ் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த சிறு குறிப்பைப் படித்தோம். பத்து உலகப் பட்டங்கள், கிராண்ட் பிரீ எனப்படும் உலகத் தொடர்ப் பந்தயங்களில் 101 வெற்றிகள் என்ற இரண்டு எண்களும் சரிதான். ஆனால் அவரை ‘உயிரைப் பணயம் வைத்துப் பறந்தவர்’ என்று எழுதியிருந்தது மனதுக்கு ஒப்பவில்லை. எவர்ட்ஸை நேசிக்கிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர் ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகள் ஆன பிறகும் அவருடைய பழைய பந்தயங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். அவர்களில் யாரும் அவரைத் துணிச்சலுக்காகக் கொண்டாடுவதில்லை. எதையும் வீணாக்காமல் ஓட்டியதற்காகத்தான் கொண்டாடுகிறார்கள். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

மோட்டோகிராஸ் என்றாலே மேட்டிலிருந்து தாவும் படத்தைத்தான் எல்லாப் பத்திரிகைகளும் போடுகின்றன. பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் பின்சக்கரம் மண்ணைத் தொடாதவரை பைக்கை முன்னே தள்ள எதுவும் கிடையாது. அதனால் வேகம் தெரிந்த ஓட்டக்காரர் தாவலில் தேவைக்கு மேல் ஒரு அடிகூட உயர மாட்டார். சீக்கிரம் தரைக்கு வந்து மறுபடி ஆக்சிலேட்டரை முறுக்கத்தான் பார்ப்பார். எவர்ட்ஸ் அப்படித்தான். அவருடைய திறமை தெரிகிற இடம் தாவல் அல்ல, திருப்பம். திருப்பத்தில் எடுத்த படத்தைப் போட்டிருந்தால் குறிப்பில் பாதி எழுதவே தேவையிருந்திருக்காது.

முதலில் சாதனையை முழுசாகச் சொல்லிவிடுவோம். 1972 நவம்பரில் பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில் ப்ரே என்ற ஊரில் பிறந்தவர். சட்டை எண் 72 வந்தது அந்தப் பிறந்த ஆண்டிலிருந்துதான். தந்தை ஹாரி எவர்ட்ஸ் 1975இல் 250 சிசி பிரிவிலும், 1979, 1980, 1981இல் 125 சிசி பிரிவிலும் உலக சாம்பியன். மகன் 1991இல் 18 வயதில் சுசுகியில் 125 பட்டம் வென்றார். 1995இல் கவாசாகியில் 250 பட்டம், 1996, 1997இல் ஹோண்டாவில் அதே பட்டம். 2001 முதல் 2006 வரை யமஹாவில் தொடர்ந்து ஆறு. நான்கு ஜப்பானிய நிறுவனங்களின் பைக்கிலும் பட்டம் வென்றிருக்கிறார் என்பதை ரசிகர்கள் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே பைக்கில் ஆறு ஆண்டு வென்றால் அது பைக்கின் பெருமை என்று வாதாடலாம். எஞ்சினின் குணம், பைக் சட்டகத்தின் வளைவு, சஸ்பென்ஷனின் போக்கு எல்லாம் மாறிக்கொண்டே இருந்தும் பட்டம் தொடர்ந்து வந்தால், மாறாத ஒன்று ஓட்டுகிறவரிடம்தான் இருந்திருக்க வேண்டும்.

இடையில் இறக்கமும் உண்டு. 1998இல் 250 பட்டத்தைப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில், கிரீஸில், பிரான்சின் செபாஸ்டியன் டோர்டெல்லியிடம் இழந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகள் ஹஸ்க்வர்ணாவில் காயங்களிலேயே கழிந்தன. இவர் கதை முடிந்தது என்று நினைத்தவர்கள் பலர். அதன் பிறகுதான் ஆறு பட்டங்கள் வந்தன. 33 வயதில், ஓய்வு அறிவித்த 2006ஆம் ஆண்டில், 15 கிராண்ட் பிரீயில் 14ஐ வென்றுவிட்டுப் போனார். சைக்கிள் பந்தயத்தை உயிராக மதிக்கும் பெல்ஜியத்தில் ஆண்டின் சிறந்த விளையாட்டு வீரர் விருது ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஒரு மோட்டோகிராஸ் வீரருக்குப் போனது இவரால்தான்.

101 என்ற எண்ணுக்கும் ஒரு கதை இருக்கிறது. இன்னொரு பெல்ஜியரான ஜோயல் ராபர்ட்டின் 50 வெற்றிகள் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் யாராலும் தொட முடியாமல் இருந்தன. எவர்ட்ஸ் அதைத் தாண்டி, இரட்டிப்புக்கும் மேல் போனார். அந்த 101ஐ 2023இல் நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹெர்லிங்ஸ் தாண்டிவிட்டார். எண்ணுக்காக மட்டும் வந்த அபிமானமாக இருந்தால் அன்றோடு அது ஹெர்லிங்ஸ் பக்கம் போயிருக்க வேண்டும். போகவில்லை. எவர்ட்ஸ் ரசிகர்கள் ஹெர்லிங்ஸுக்கும் மனதாரக் கைதட்டினார்கள், மறுபடி எவர்ட்ஸின் 2006 ஓட்டங்களைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அப்படி என்னதான் பார்க்கிறார்கள்? அவர் நிற்பதை.

மோட்டோகிராஸில் நேர்ப்பாதையில் எல்லாரும் எழுந்து நின்றுதான் ஓட்டுவார்கள். திருப்பம் வந்ததும் பெரும்பாலானோர் முன்கூட்டியே உட்கார்ந்து, உள்பக்கக் காலை நீட்டி, பைக்கைச் சாய்த்து, வெளியே வரும்போது மறுபடி எழுவார்கள். எவர்ட்ஸ் பிரேக் பிடிக்கும்போதும் நிற்பார், திருப்பத்துக்குள் நுழையும்போதும் நிற்பார். உட்கார்ந்தே ஆக வேண்டிய இறுக்கமான திருப்பத்தில் மட்டும் ஒரு நொடி சீட்டைத் தொட்டுவிட்டு எழுவார். இதில் மிச்சம் என்ன என்று கேட்கலாம். ஒரு சுற்றில் இருபது திருப்பம், ஓட்டத்தில் பதினெட்டு சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் உட்காருகிறவர் 360 முறை தோப்புக்கரணம் போடுகிறார். அதுவும் குலுங்குகிற, நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பைக்கின் மேல், அரை மணி நேரத்துக்கும் மேலாக. கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றவர்களின் தொடை எரியும்போது எவர்ட்ஸ் முதல் சுற்றில் ஓட்டியது போலவே ஓட்டிக்கொண்டிருந்தது இதனால்தான்.

நிற்பதில் உடல் எடை முழுவதும் ஃபுட்பெக், அதாவது பாதம் வைக்கும் கட்டை வழியாக, பைக்கின் கீழ்ப்பகுதியில் இறங்குகிறது. மேடுபள்ளத்தில் பைக் கீழே தாராளமாக ஆடும். முட்டியும் கணுக்காலும் மடங்கி நிமிர்ந்து அதை வாங்கிக்கொள்ளும். தலையும் தோளும் ஒரே மட்டத்தில் போகும். உட்கார்ந்தால் பின்சக்கரம் வாங்கும் ஒவ்வோர் அடியும் சீட் வழியாக இடுப்புக்கு வரும், ஓட்டுகிறவர் தூக்கி எறியப்படுவார், சமாளிக்க ஹேண்டில்பாரை இறுகப் பற்றுவார். அங்கேதான் வினை ஆரம்பம். இறுகப் பற்றினால் முன்கைத் தசைக்கு ரத்தம் நிரம்பும், தசையைச் சுற்றியுள்ள உறை விரியாது, உள்ளே அழுத்தம் ஏறி முன்கை கட்டையாகிவிடும். விரல் கிளட்ச்சை உணராது, பிரேக்கை அளந்து பிடிக்க வராது. ஓட்டக்காரர்கள் ‘ஆர்ம் பம்ப்’ என்று சொல்லும் இந்தத் தொல்லைக்குக் கையில் மருந்து தேடிப் பயனில்லை; மருந்து காலில் இருக்கிறது. முட்டி இரண்டும் பைக்கை இடுக்கிப் பிடித்தால் கை தளர்வாக இருக்க முடியும். எவர்ட்ஸின் படங்களில் முட்டிகளைக் கவனியுங்கள், ரேடியேட்டரை மறைக்கும் பக்கத் தகட்டோடு ஒட்டியே இருக்கும்.

பாதம் இன்னும் நுணுக்கமான விஷயம். புதிதாக ஓட்டுகிறவர் பாதத்தின் நடுவில், பூட்ஸ் குதியை ஒட்டி, ஃபுட்பெக்கை வைப்பார். அப்போது கணுக்கால் வேலை செய்யாது. அதிர்ச்சி நேராக முட்டிக்குப் போகும். பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் உருண்டைப் பகுதியை ஃபுட்பெக்கின் மேல் வைத்தால் கணுக்கால் ஒரு கூடுதல் ஷாக் அப்சார்பராகிறது, பாதத்தைத் திருகி பைக்கின் போக்கையும் மாற்ற முடிகிறது. பிரேக் பிடிக்கவோ கியர் மாற்றவோ பாதத்தை முன்னே நகர்த்தி, வேலை முடிந்ததும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். இதைச் சொல்வது சுலபம், ஓட்டம் முழுக்கக் கடைப்பிடிப்பது மிகக் கடினம். எவர்ட்ஸ் கடைப்பிடித்தார்.

அவர் பாதத்தைப் பற்றி இவ்வளவு எழுதும்போது 2018இல் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. அந்த ஆண்டின் இறுதியில் காங்கோவில் ஓர் அறக்கொடைப் பந்தயத்துக்குப் போய்வந்தவருக்குக் கடுமையான மலேரியா தாக்கியது. பெல்ஜியத்தில் மருத்துவமனையில் செயற்கைக் கோமாவில் வைக்கப்பட்டார். உயிர் பிழைத்தார், ஆனால் கால்விரல்களில் அறுவை செய்து நீக்க வேண்டியதாயிற்று. ஃபால்சிபாரம் வகை மலேரியாவில் கிருமி ஏறிய சிவப்பணுக்கள் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவரில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். நோயாளி அதிர்ச்சி நிலைக்குப் போனால் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தக் கொடுக்கும் மருந்துகளும் கைகால் நுனிகளுக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும். இப்படி விரல் நுனிகள் உயிரிழப்பது உண்டு. ஆப்பிரிக்க நாடுகளுக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் இதில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும்: தடுப்பு மாத்திரையைப் போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்த பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை விடாமல் போட வேண்டும், ஊர் திரும்பிய வாரங்களில் காய்ச்சல் வந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை செய்து, எந்த நாட்டுக்குப் போயிருந்தோம் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.

மறுபடி ஓட்டத்துக்கு வருவோம். அவருடைய இரண்டாவது அடையாளம் கியர். மற்றவர்கள் இரண்டாவது கியரில் எஞ்சினை அலறவிட்டுத் திரும்பும் இடத்தில் எவர்ட்ஸ் மூன்றாவதில் போவார். சத்தமே குறைவாக இருக்கும். பந்தயத் தடத்தின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு அவர் மெதுவாகப் போவது போலவே தோன்றும், கடிகாரம்தான் உண்மையைச் சொல்லும். கியர் உயர்ந்திருந்தால் பின்சக்கரம் வெறுமனே சுழன்று மண்ணை வாரி இறைக்காது, பற்றிக்கொண்டு முன்னே தள்ளும். திருப்பம் முடிந்ததும் கியர் மாற்ற வேண்டிய அவசியமும் இருக்காது. எஞ்சின் திணறப் போகிறது என்றால் கிளட்ச்சை ஒரு விரலால் லேசாக வழுக்கவிட்டுச் சுழற்சியை ஏற்றிக்கொள்வார். அமெரிக்காவின் ரிக்கி கார்மைக்கேல் இதற்கு நேர் எதிர். அவர் ஆக்சிலேட்டரை விடவே மாட்டார், பைக் கீழே குதித்துக்கொண்டே இருக்கும். 2002இலும் 2004இலும் அமெரிக்க மோட்டோகிராஸ் பருவத்தின் 24 ஓட்டங்களில் 24ஐயும் வென்ற மனிதரின் முறையைக் குறை சொல்ல யாருக்கும் தகுதியில்லை. ஆனால் கார்மைக்கேல் போல ஓட்ட கார்மைக்கேலின் உடற்பயிற்சி வேண்டும். எவர்ட்ஸின் முறையில் பாதியைப் பிடித்தாலும் சாதாரண ஓட்டக்காரருக்குப் பயன் உண்டு. இது எங்கள் தீர்ப்பு. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதட்டும்.

எண்களிலேயே ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் ரசிகர்கள் 2003 செப்டம்பரில் பிரான்சின் எர்னே நகரில் நடந்ததைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு கிராண்ட் பிரீக்கு ஒவ்வொரு பிரிவிலும் ஒரே ஓட்டம்தான். எவர்ட்ஸ் 125, மோட்டோகிராஸ் ஜி.பி., 650 என மூன்று பிரிவுகளிலும் பெயர் கொடுத்து, ஒரே நாளில் மூன்றையும் வென்றார். மூன்று பைக்குகளின் எடையும் இழுவையும் வேறு வேறு. 125 பிரிவில் அனுமதிக்கப்பட்ட 250 சிசி நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினை வேகம் குறையாமல் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய எஞ்சினில் ஆக்சிலேட்டரை ஒரு நூல் கூடுதலாகத் திறந்தாலும் பின்பக்கம் ஓடிவிடும். ஒரு ஓட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றி, தண்ணீர் குடித்து, அடுத்த பைக்கில் ஏறி, உடனே கையை வேறு அளவுக்குப் பழக்க வேண்டும். உட்கார்ந்து எழுந்து ஓட்டுகிறவரின் உடம்பு மூன்றாவது ஓட்டத்துக்கு வந்திருக்காது.

மணலைப் பற்றிச் சொல்லாமல் பெல்ஜியத்தைப் பற்றிப் பேச முடியாது. லோமெல் என்ற இடத்தில் உள்ள தடம் முழுக்க ஆழமான மணல். காலையில் தட்டையாக இருக்கும் பாதை மதியத்துக்குள் இடுப்பளவு அலைகளாகிவிடும். கெட்டி மண்ணில் பழகியவர் இங்கே வந்து முதல் திருப்பத்திலேயே ஆக்சிலேட்டரை மூடுவார். மூடியதும் எடை முன்னே சாயும், முன்சக்கரம் மணலுக்குள் புதையும், ஹேண்டில்பார் மடங்கும், ஆள் முன்னால் போய் விழுவார். மணலில் ஆக்சிலேட்டர் திறந்தே இருக்க வேண்டும், உடம்பு சற்றுப் பின்னால் இருந்து முன்சக்கரம் மேலே மிதக்க வேண்டும், முன்பிரேக் அரிதாகத்தான். வேகத்தைக் குறைப்பது மணலே செய்யும் வேலை. திருப்பத்தில் உள்வட்டம் குறுகலாகவும் கிழிந்தும் இருக்கும். வெளிவட்டத்தில் சுற்றிப் போவது நீளமானாலும் வேகம் நிற்காது. எவர்ட்ஸின் முறை உருவானதே இந்த மணலில் என்று பெல்ஜிய ரசிகர்கள் சொல்வதை நம்பலாம். மணலில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் ஐந்து சுற்றுக்கு மேல் தாங்க மாட்டார்.

அவர் முறையைக் கற்க விரும்புகிறவர்கள் பைக்கை அதற்கேற்ப அமைக்காமல் தொடங்கினால் வீண். முதலில் பின் ஷாக்கின் ‘ஸேக்’, அதாவது எடை ஏறும்போது பின்பக்கம் எவ்வளவு இறங்குகிறது என்ற அளவு. பைக்கை ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரம் தொங்கும்படி வைத்து, பின் ஆக்சிலிலிருந்து நேர் மேலே மட்கார்டில் ஒரு குறி போட்டு அளக்க வேண்டும். 610 மி.மீ. என்று வைப்போம். பிறகு பூட்ஸ், ஹெல்மெட், எல்லாக் கவசங்களோடும் ஏறி ஃபுட்பெக்கில் நின்று இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, நிதானமாக அமர்ந்த நிலையில் இன்னொருவர் அதே இடத்தை அளக்க வேண்டும். 510 வந்தால் ஸேக் 100 மி.மீ. பின்சக்கரப் பயணம் சுமார் 300 மி.மீ. உள்ள மோட்டோகிராஸ் பைக்குக்கு 95 முதல் 105 வரை சரி; மணலுக்கு ஐந்து மி.மீ. கூடுதலாக விடலாம். ஸ்பிரிங் மேல் உள்ள வளையத்தை ஒரு முழுச் சுற்று இறுக்கினால் ஸேக் சுமார் 3 மி.மீ. குறையும். ஸேக் அதிகமானால் முன்பக்கம் லேசாகி, திருப்பத்தில் பைக் வெளியே ஓடும். குறைந்தால் பின்பக்கம் தூக்கி நின்று, நேர்ப்பாதையில் ஹேண்டில்பார் உதறும்.

இங்கே பலர் நின்றுவிடுகிறார்கள், அது போதாது. ஆள் இல்லாமல் பைக்கின் சொந்த எடையில் எவ்வளவு இறங்குகிறது என்பதையும் அளக்க வேண்டும். 30 முதல் 40 மி.மீ. இருப்பது நல்லது. ஆளோடு 100 சரியாக வந்து, ஆள் இல்லாமல் 20தான் வருகிறது என்றால் ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மிருதுவானது என்று பொருள், கெட்டியானது அல்ல. மிருதுவான ஸ்பிரிங்கை மிகையாக இறுக்கி அந்த 100ஐ வரவழைத்திருக்கிறீர்கள், அதனால்தான் பைக் மட்டும் இருக்கும்போது இறங்க மறுக்கிறது. வளையத்தைத் திருகி இதைச் சரிசெய்ய முடியாது. ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

அடுத்து கைப்பிடிகள். கிளட்ச், பிரேக் லீவர்களை உட்கார்ந்த நிலையில் வசதியாக வைத்துக்கொண்டால் நிற்கும்போது மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும். நின்றுகொண்டே விரலை நீட்டிப் பார்த்து, முன்கையும் விரலும் ஒரே கோட்டில் வருமாறு லீவரைக் கீழே இறக்க வேண்டும். லீவர் பிடிப்பின் போல்ட்டைக் கல்லாக இறுக்கக் கூடாது. அடியில் இரண்டு சுற்று டெஃப்லான் டேப் சுற்றி, கையால் பலமாகத் தள்ளினால் திரும்பும் அளவுக்கு விட்டால், விழும்போது லீவர் உடையாமல் திரும்பிக்கொள்ளும். டயர் காற்று 12, 13 பிஎஸ்ஐ. மணலில் ஓரிரண்டு குறைக்கலாம், கல் உள்ள இடத்தில் குறைத்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே ட்யூப் கடிபடும். இவ்வளவு குறைந்த காற்றில் ரிம்லாக் (டயரை ரிம்மோடு கவ்விப் பிடிக்கும் பாகம்) இல்லாமல் ஓட்டினால் டயர் ரிம்மில் வழுக்கி வால்வைப் பிடுங்கிவிடும்.

எவர்ட்ஸ் ஓட்டிய காலத்து யமஹா ஒய்.இசட். 450 எஃப் பைக்கைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கும் ரசிகர்களும் உலகில் உண்டு. அந்த எஞ்சினில் ஐந்து வால்வு: உள்ளே இழுக்க மூன்று, வெளியேற்ற இரண்டு, எல்லாம் டைட்டானியம். எஞ்சின் முழுக்க ஆறிய நிலையில், வால்வுக்கும் அதை அமுக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி இன்டேக்கில் (உள்ளே இழுக்கும் பக்கம்) 0.10 முதல் 0.15 மி.மீ., எக்ஸாஸ்டில் (வெளியேற்றும் பக்கம்) 0.20 முதல் 0.25 மி.மீ. இருக்க வேண்டும். பழைய பைக்கை விற்கிறவர் ‘சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகக் கொஞ்சம் அடம் பிடிக்கும்’ என்று சொன்னால் கார்புரேட்டர் மேல் பழி போடாமல் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை எடுங்கள். இன்டேக் இடைவெளி 0.05க்குச் சுருங்கியிருந்தால், வால்வின் முகப்பு தேய்ந்து, அது உட்காரும் வளையமான வால்வு சீட்டுக்குள் ஏறியிருக்கிறது. ஒரு முறை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் சிறு வில்லை) மாற்றிச் சரிசெய்யலாம். சில மணி நேர ஓட்டத்திலேயே மறுபடி சுருங்கினால் மேல்பூச்சு போய்விட்டது. வால்வை மாற்றி, சீட்டையும் வெட்டிச் சமன்செய்ய வேண்டும். டைட்டானியம் வால்வைப் பசை போட்டுத் தேய்த்து உட்காரவைக்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம், மிச்சமுள்ள பூச்சும் போய்விடும். தேய்மானத்துக்கு மூல காரணம் பெரும்பாலும் ஏர் ஃபில்டர். மணலில் ஓட்டிய ஒவ்வொரு முறையும் ஃபோம் ஃபில்டரைக் கழுவி, எண்ணெய் பிடித்து, விளிம்பில் கிரீஸ் தடவிப் பொருத்தாவிட்டால் தூசி விளிம்பு வழியாக உள்ளே போகும்.

இனி பயிற்சி. பதினைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு டிரம்களை வைத்து எட்டு போடுவதுதான் அடிப்படை. முதலில் இரண்டாவது கியர், முன்பிரேக் இல்லை, உட்காருவதில்லை, பாதம் ஃபுட்பெக்கை விட்டு எடுப்பதில்லை. திருப்பத்தில் வெளிப்பக்கக் காலால் ஃபுட்பெக்கை அமுக்கி, பைக்கை மட்டும் உள்ளே சாய்த்து, உடம்பை நிமிர்த்தி வைக்க வேண்டும். ஐந்து நிமிடம் போட்டு நிறுத்திவிட்டு முன்கையைத் தொட்டுப் பாருங்கள். கல்லாக இருந்தால் நீங்கள் கையில் தொங்கிக்கொண்டிருந்தீர்கள், முட்டி வேலை செய்யவில்லை. இது சரியானபின் மூன்றாவது கியர், கிளட்ச்சை வழுக்கி. இருநூறு சிசி பைக்கில் பழகுகிறவர்கள் இந்த மூன்றாவது கியர் விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 450இன் இழுவை அதில் இல்லை, திருப்பத்தின் நடுவில் எஞ்சின் திணறி நின்றால் பைக் உள்பக்கம் சாய்ந்து விழும்.

மிகவும் ஆபத்தான தவறு பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைப்பது. ஆழமான தடத்தில் போகும்போது பூட்ஸ் நுனி மண் சுவரில் மாட்டும், பைக் முன்னே போகும், பாதம் பின்னே நிற்கும், நடுவில் முட்டி திருகி உள்ளே இருக்கும் தசைநார் அறுந்துவிடும். கார்மைக்கேலுக்கே 2004இல் முட்டித் தசைநார் காயத்தால், அரங்குகளில் நடக்கும் சூப்பர்கிராஸ் பந்தயங்களின் பருவம் முழுவதும் போயிற்று. பாதம் நேராக, நுனி சற்று உள்நோக்கி இருக்க வேண்டும். கீல் வைத்த முட்டிக் கவசமும் கணுக்காலுக்கு மேல் ஏறும் மோட்டோகிராஸ் பூட்ஸும் இல்லாமல் இந்தப் பயிற்சியில் இறங்க வேண்டாம், பொதுச் சாலையில் இதற்கு இடமே இல்லை.

எவர்ட்ஸின் மகன் லியாமும் இப்போது 72ஆம் எண்ணோடு உலகப் பந்தயங்களில் ஓட்டுகிறார். 2023இல் சிறிய எஞ்சின் பிரிவான எம்.எக்ஸ். 2வில் கிராண்ட் பிரீ வென்றதோடு தாத்தா, தந்தை, மகன் என மூன்று தலைமுறையும் வென்ற குடும்பமாயிற்று. அவருடைய முடிவுகளையாவது தொடர்ந்து வெளியிடுங்கள். வெளியிடும்போது எத்தனையாவது இடம் என்பதோடு, தடம் மணலா கெட்டி மண்ணா என்பதையும், இரண்டு ஓட்டங்களின் புள்ளிகளையும் தனித்தனியே போட வேண்டும். இப்போது கிராண்ட் பிரீக்கு இரண்டு ஓட்டங்கள். முதலிடத்துக்கு 25, இரண்டாமிடத்துக்கு 22, மூன்றாமிடத்துக்கு 20 என்று இருபதாம் இடம்வரை புள்ளி உண்டு. இரண்டையும் கூட்டித்தான் வெற்றியாளர். இருவர் சமமானால் இரண்டாவது ஓட்டத்தில் முன்னே வந்தவருக்கு வெற்றி. ஒரு ஓட்டத்தையும் வெல்லாதவர் கிராண்ட் பிரீயை வெல்வது இதனால்தான் நடக்கிறது, வெறும் இடத்தை மட்டும் போட்டால் வாசகருக்கு அது அச்சுப் பிழை போலத் தோன்றும்.

இப்படிக்கு,
மோட்டோகிராஸ் ரசிகர்கள் சிலர்,
கோயம்புத்தூர்